மைரின் கதிர் அரிவாள் பாடங்கள்: படத்தில் நிற்பது எந்தக் கணம்?

#1 குறுவாள்

பவுலுஸ் ஹெக்டர் மைர் என்ற 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியரின் போர்க்கலைத் தொகுப்பில் உள்ள கதிர் அரிவாள் பகுதியைப் பழகிப் பார்க்கிறவர்களிடம் இரண்டு சந்தேகங்கள் கேட்க வேண்டும்.

ஒன்று. பல படங்களில் இருவர் கையிலும் ஆளுக்கொரு அரிவாள், வலது கையில். ஒருவரின் இடது கை மற்றவரின் அரிவாள் கையைப் பிடித்திருக்கிறது. பிடித்தவரின் அரிவாள் எதிராளியின் காலிலோ கழுத்திலோ கையிலோ போய் நிற்கிறது. ஆனால் பக்கத்து உரையைத் தொடக்கத்திலிருந்து செய்து பார்த்தால் படத்தில் இருக்கிற கால்நிலை வருவதில்லை. உரை 'வலது காலை எடுத்து வை' என்று ஆரம்பிக்கும், படத்தில் இடது கால் முன்னால் இருக்கும். எதை நம்புவது?

இரண்டு. மேலிருந்து வரும் வெட்டை அரிவாளால் தடுத்தால், தடுத்த பிறகும் நுனி வந்து முகக்கவசத்தில் தட்டுகிறது. கையை எவ்வளவு உயரத் தூக்கினாலும் இதே கதை. தடுப்பு தவறா, அல்லது அது தடுப்பே இல்லையா?

#2 பழஞ்சுவடி

முதல் கேள்விக்கு மட்டும் நான். இரண்டாவது பட்டறைக்காரன் வந்தால் அவருக்கு.

இழைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. மைர் (1517–1579) ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகராட்சி அலுவலர். 1540களில் பெரும் பணம் செலவழித்து, தேர்ந்த வாள்வீரர் இருவரை வைத்துப் பாடங்களைச் செய்து பார்த்து, இளைய யோர்க் பிராயை ஓவியராக அமர்த்தி இந்தத் தொகுப்பை உருவாக்கினார். நகரத்துப் பணத்தைக் கையாடியதற்காக 1579இல் தூக்கிலிடப்பட்டார் என்பது கிளைக்கதை. நமக்கு முக்கியம், தொகுப்பு மூன்று பிரதிகளாக இருக்கிறது: டிரெஸ்டனில் ஜெர்மன், மியூனிக்கில் லத்தீன், வியன்னாவில் இரண்டு மொழியும் சேர்ந்து. ஒரு பிரதியில் குழப்பமான வரியை இன்னொரு மொழியில் வைத்துச் சரிபார்க்க இவ்வளவு நல்ல வாய்ப்பு மற்ற வாட்போர் நூல்களில் அபூர்வம்.

இப்போது விஷயம். ஒரு பாடம் என்பது ஒரு அடி இல்லை, ஒரு வாக்குவாதம். தாக்கு, தடுப்பு, அதற்கு மாற்று, சில நேரம் மாற்றுக்கு மாற்று, பிறகு விலகல். படம் ஒன்றுதான். அது பெரும்பாலும் நடுவில் எங்கோ நிற்கிறது. கூடவே 'நீ' என்பவர் பாதியில் மாறிவிடுவார். முதல் வாக்கியத்தில் நீ வெட்டுகிறவன். 'அவன் உன்னை இப்படி வெட்டினால்' என்று ஆரம்பித்ததும் நீ தடுக்கிறவன். யாரும் மணி அடித்து அறிவிக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று படித்தால் ஒரே காலை இரண்டு முறை முன்வைக்கச் சொல்வது போல் தோன்றும்.

எனவே படத்தைப் பார்க்கும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள், ஆள் 'அ', ஆள் 'ஆ'. உரையில் வரும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் யாருடையதோ அவர் பத்தியில் ஒரு வரியாக எழுதுங்கள்: எந்தக் கால், எந்தக் கை, அரிவாள் எங்கே. எழுதாத இடத்தை வெற்றாக விடுங்கள், நீங்களே நிரப்பாதீர்கள். பிறகு படத்தில் இருவர் கால்களையும் பார்த்து, இந்தக் கால்நிலை எந்த வரிக்குப் பிறகு சாத்தியம் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் பொருந்தும். அதற்கு முன்னால் இருப்பவை படத்துக்கு வரும் வழி, பின்னால் இருப்பவை படத்திலிருந்து தப்பும் வழி.

குறுவாள், உங்கள் உதாரணத்தில் வலது காலை வைத்தவர் வெட்டினவர். படத்தில் இடது கால் முன்னால் இருப்பது பிடித்தவருக்கு. சரிபாருங்கள்.

#3 பட்டறைக்காரன்

இரண்டாவது கேள்விக்குப் பதில்: நுனி வந்து தட்டுவது உங்கள் கைக்குற்றம் இல்லை, பிறை போல வளைந்த அலகின் வடிவம்.

நேர்வாளை வாளால் நிறுத்தினால் அது அங்கேயே நின்றுவிடும். அரிவாளின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பிறையின் உட்பக்கம் இருக்கிறது. நீங்கள் தடுக்கும் இடத்துக்கு அப்பால் இன்னும் 15 செ.மீ. இரும்பு இருக்கும், அதுவும் உங்களை நோக்கி வளைந்து. தொடுபுள்ளி அவன் பிடிக்கு அருகில் என்றால் மிச்ச வளைவு முழுவதும் உங்கள் நெற்றிக்கு மேல். நுனிக்கு அருகில் என்றால் அவன் இழுக்கும்போது உங்கள் அரிவாள் அவன் வளைவுக்குள் சறுக்கி மாட்டிக்கொள்ளும், கையோடு கீழே போகும். இரண்டுமே தோல்வி.

ஆகவே அலகை அலகால் தடுக்காதீர்கள். நிறுத்த வேண்டியது அவன் மணிக்கட்டை அல்லது முன்கையை. கை நெற்றிக்குச் சற்று மேலே, உள்ளங்கை எதிராளியைப் பார்த்து, நுனி உங்கள் இடப்புறம், வாய் மேலும் முன்னும் பார்க்க. அவன் கை இறங்கும்போது மணிக்கட்டு உங்கள் வளைவுக்குள் வந்து உட்கார வேண்டும். அப்போது தடுப்பும் வெட்டும் ஒன்றே. முழங்கை மடங்கியிருக்கட்டும், முழுதாக நீட்டினால் அவன் எடையை உங்கள் தோள் தாங்காது.

இன்னொன்று, பின்வாங்காதீர்கள். பின்வாங்கினால் சரியாக நுனியின் பாதையில் போய் நிற்பீர்கள். ஒரு அடி உள்ளே போனால் நுனி உங்கள் தோளைத் தாண்டிப் பின்னால் போய்விடும்.

#4 செவ்வந்தி

கவனித்து வருகிறேன், ஒரு அடிப்படைக் கேள்வி. நம் ஊர் வீச்சரிவாள் சுற்றுகிறவர்களுக்கு இது சுலபமாக வந்துவிடாதா? அதுவும் வளைந்ததுதானே.

#5 பட்டறைக்காரன்

வராது, செவ்வந்தி. வீச்சரிவாளுக்குக் கனம் முன்னால், வேலை வெட்டில். வெட்டு விழுந்ததும் காரியம் முடிந்தது. கதிர் அரிவாள் இலேசு, வீசி அடித்தால் நுனி கொத்தும், அவ்வளவுதான். ஆழமான சேதம் இழுப்பில் வருகிறது. வைத்து, வளைவுக்குள் வாங்கி, தன் பக்கம் இழுப்பது. நம்மூர்க் கருக்கரிவாளைக் கையில் எடுத்து ஒரு பிடி வைக்கோலை அறுத்துப் பார்த்தால் போதும், தோள் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது என்று தெரியும்.

பழக்கத்தில் அதிகம் கோட்டை விடுவது திரும்பும் வீச்சில். வலமிருந்து இடம் போகும்போது உள்ளங்கை மேலே, வாய் இடப்பக்கம். அப்படியே இடமிருந்து வலம் திரும்பினால் போவது முதுகு, அதாவது மொட்டைப் பக்கம். வாய் திரும்ப வேண்டுமென்றால் முன்கையைப் பாதி வட்டம் சுழற்றி உள்ளங்கையைக் கீழே கொண்டுவர வேண்டும். அந்தச் சுழற்சி நடக்கும் நேரத்தில் ஆயுதம் இல்லாதவன் மாதிரிதான் நிற்கிறீர்கள். தேர்ந்த எதிராளி அங்கேதான் கையை நீட்டுவான். படங்களில் இடது கை ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

#6 மல்லன்

இப்போதுதான் இழை சரியான இடத்துக்கு வருகிறது. இது அரிவாள் சண்டை என்று படிப்பதே பாதிச் சிக்கல். 40–45 செ.மீ. நீளமுள்ள ஒரு கருவியால் தொடக்கூடிய தூரம் என்றால் எதிராளியின் இடது கையும் உங்களைத் தொடும் தூரம். அதாவது மல்லுப்பிடித் தூரம். இடது கையை முதலில் பழகிவிட்டு, அரிவாளைக் கடைசியில் கையில் கொடுங்கள்.

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை:

முதலில் வெறுங்கை. அ வலது காலை வைத்து வலது முட்டியை மேலிருந்து இறக்குகிறான். ஆ இடது காலை, அவன் வலது காலுக்கு வெளிப்புறமாக வைக்கிறான். வலது முன்கை மேலே போய் அவன் மணிக்கட்டைச் சந்திக்கிறது, இடது கை அவன் முழங்கையை வெளிப்பக்கமிருந்து வாங்கி அவன் மார்புக்குக் குறுக்கே தள்ளுகிறது. அவன் திரும்பிவிட வேண்டும். அவன் மார்பு இன்னும் உங்களைப் பார்த்தால் தள்ளு போதவில்லை.

பிறகு அதே பாடம், இருவர் கையிலும் ஒரு அடி நீளக் குச்சி. பிறகுதான் பிறை.

முழங்கை தள்ளினதும் உங்கள் வலது கை விடுபடுகிறது. நேராகக் கீழே, உள்ளங்கை மேலாக, அவன் வலது காலின் உட்புறம் வழியாக முழங்கால் மடிப்புக்குப் பின்னால் வளைவை வைத்து உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். எடை அந்தக் காலில் இருப்பதால் தப்ப வழி குறைவு.

மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள் என்பது என் கட்சி. குத்துவாள் பழகினவர்கள் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடிப்பார்கள். குத்துவாளுக்கு அது சரி. அரிவாள்காரன் மணிக்கட்டைப் பிடித்தால் அவன் உள்ளங்கையைக் கீழே திருப்புவான், நுனி உங்கள் முன்கையைச் சுற்றிக்கொள்ளும், ஒரு இழுப்பில் உங்கள் கை போச்சு.

#7 பழஞ்சுவடி

மல்லன், பயிற்சி வரிசையில் சண்டை இல்லை. ஆனால் 'முழங்கை மட்டும்' என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். உரை பல இடங்களில் கை என்று பொதுவாகச் சொல்கிறது, படங்களில் பிடி விழும் இடம் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. நமக்கு வசதியான இடத்தை எல்லாப் பாடத்துக்கும் ஒட்டினால் அது மைர் இல்லை, மல்லன்.

முழங்கைப் பிடிக்கும் ஒரு விலை உண்டு. முழங்கையைத் தள்ளாமல் வெறுமனே பிடித்திருந்தால், அவன் முழங்கையை மடக்கினாலே நுனி உங்கள் பிடரிக்குப் பின்னால் வந்துவிடும். மணிக்கட்டுப் பிடியில் அந்த ஆபத்து இல்லை.

#8 மல்லன்

ஒப்புக்கொள்கிறேன், தள்ளாத முழங்கைப் பிடி தற்கொலை. ஆனால் மணிக்கட்டுப் பிடியை எப்படிக் காப்பாற்றுவது? அவன் கையைத் திருப்ப அரை நொடி போதும்.

#9 பழஞ்சுவடி

திருப்ப இடம் கொடுக்காமல்தான். பிடித்த கணத்தில் உங்கள் அரிவாள் எங்கே இருக்கிறது என்று அந்தந்தப் பாடத்தில் பாருங்கள். மணிக்கட்டுப் பிடி உள்ள இடங்களில் வெட்டு பிடியோடு ஒரே நேரத்தில் போனால்தான் அது வேலை செய்யும். பிடி, பிறகு வெட்டு என்று இரண்டு எண்ணிக்கையில் செய்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். லிச்டெனவர் என்ற பழைய ஜெர்மன் வாள் ஆசானின் மரபுக்காரர்கள் முன், பின், அக்கணமே என்று மூன்று காலம் சொல்வார்கள். இது மூன்றாவது.

முழங்கைப் பிடி தாமதத்தை மன்னிக்கும், மணிக்கட்டுப் பிடி மன்னிக்காது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தொடக்கக்காரர்களுக்கு உங்கள் வரிசையே நல்லது.

#10 குறுவாள்

இரண்டு பத்தித் தாள் வேலை செய்கிறது, நன்றி. இடது கால் பிடித்தவருடையதுதான்.

அடுத்த சந்தேகம். உரை சொல்லாத இடைவெளிகளை எதை வைத்து நிரப்புவது? வாள் ஆசான் யோவாகிம் மேயரின் 1570 நூலில் டுசாக் பகுதி விரிவாக இருக்கிறது. அதுவும் வளைந்த ஒற்றைக்கை ஆயுதம். அதிலிருந்து காலடி எடுக்கலாமா?

#11 பழஞ்சுவடி

வேண்டாம் என்பேன். டுசாக்கின் வாய் வளைவின் வெளிப்பக்கம், அரிவாளின் வாய் உட்பக்கம். தூரமும் வேறு. டுசாக்கில் வெட்டி விலகலாம், இங்கே உள்ளே போகத்தான் வேண்டும். மேயர் காலத்தாலும் 20 ஆண்டுக்கு மேல் பிந்தியவர், ஸ்ட்ராஸ்பர்க்காரர்.

நிரப்பும் வரிசை என் கணக்கில் இப்படி: அதே பாடத்தின் மற்ற மொழிப் பிரதி, அடுத்து அரிவாள் பகுதியின் மற்றப் பாடங்கள், அடுத்து மைரின் சொந்தக் குத்துவாள், மல்யுத்தப் பகுதிகள். அதற்குப் பிறகுதான் வெளியே. ஜெர்மன் வாள் ஆசான் டால்ஹோஃபரின் 1467 சுவடியின் குத்துவாள் படங்கள் உடலமைப்பைப் புரிந்துகொள்ள உதவும். இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே இன்னும் தூரம், ஒரு பிடி மனித உடலில் சாத்தியமா என்று பார்க்க மட்டும். மைர் பழைய சுவடிகளைச் சேகரித்தவர், மல்யுத்தப் படங்கள் நிறைந்த வாலர்ஸ்டைன் சுவடி 1556இல் அவரிடம் வந்தது. அதனால் மல்யுத்தப் பக்கம் அவருக்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. அரிவாளுக்கு அப்படிச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இல்லை.

#12 ஐயப்பாடு

அதைத்தான் கேட்க வந்தேன். முன்னோடி இல்லாத ஒரு பகுதி. குடியானவர் எப்படிச் சண்டையிட்டார்கள் என்பதற்குச் சான்றாக இதை எடுக்கலாமா? ஒரு பணக்காரச் சேகரிப்பாளர், ஆல்பம் முழுமையாக இருக்கட்டும் என்று வாள்வீரர்களிடம் அரிவாளைக் கொடுத்து, 'ஏதாவது செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தால்?

#13 பழஞ்சுவடி

அப்படியே நடந்திருக்கலாம், அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. 1524–25 குடியானவர் போர் அந்த வட்டாரத்தில் நடந்தது என்பதை வைத்து இதை உழவர் போர்க்கலை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சான்று இல்லை, ஆசை. என் பார்வையில் இது தேர்ந்த வாள்வீரர் இருவர், குத்துவாளும் மல்லும் தெரிந்த உடம்போடு, ஒரு பிறையை என்ன செய்யலாம் என்று யோசித்ததன் பதிவு. அதனால்தான் குத்துவாள் பகுதி இதற்குச் சாவியாகிறது. அவர்கள் எங்கிருந்து வந்தார்களோ அங்கிருந்து நாமும் வர வேண்டியிருக்கிறது.

#14 செவ்வந்தி

பயிற்சிக் கருவி எங்கே கிடைக்கும்? கடையில் வாங்கின கதிர் அரிவாளின் வாயை மழுக்கிப் பயன்படுத்தலாமா?

#15 பட்டறைக்காரன்

கூடவே கூடாது. மழுக்கினாலும் நுனி மெல்லிய இரும்புதான், முகக்கவச வலையின் கண்ணில் நுழையும். கருக்கு வைத்த பல்லை முழுதாகத் தேய்த்து எடுக்கவும் முடியாது.

செய்வது சுலபம். சமையலறை வெட்டுப்பலகை செய்கிற ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் தகடு, 12 மி.மீ. தடிமன். பிறையை வரைந்து ஜிக்சாவில் அறுங்கள். மொத்த நீளம் 42 செ.மீ. வாக்கில், அதில் பிடி 13. பிறைப் பட்டையின் அகலம் 35 மி.மீ. வளைவின் ஆழம் 8 செ.மீ.க்கு மேல் வேண்டாம், ஆழம் கூடினால் கழுத்தில் மாட்டினது எளிதில் வெளிவராது. நுனியைக் கூராக விடாமல் 40 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக முடியுங்கள், அதன்மேல் பஞ்சுத்தாள் சுற்றித் துணிநாடா ஒட்டுங்கள். விளிம்பு எல்லாம் அரத்தால் உருட்டி விடுங்கள். பிடியில் இரண்டு பக்கமும் மரச்செதில் வைத்து ஆணி அறைந்தால் கைக்குத் திசை தெரியும். உருண்டைப் பிடி வைத்தால் வாய் எந்தப் பக்கம் என்று கை மறந்துவிடும். எடை 250 கிராம் பக்கம் வரும்.

பிவிசி குழாயை வளைத்துச் செய்யாதீர்கள், உடையும்போது சில்லு சில்லாகக் கூர்மையாக உடையும். ஒட்டுப்பலகை நுனியில் பிரிந்து சிராய் நீட்டும். ஒரே மரத்தில் அறுத்தால் வளைவில் நார் குறுக்கே வருகிற இடத்தில், பெரும்பாலும் நுனியிலிருந்து கால்பங்கு தூரத்தில், ஒடியும். பிரம்பை நனைத்து வளைக்கலாம், ஆனால் காயக் காய வளைவு விரியும்.

#16 மல்லன்

கருவியோடு கவசத்தையும் சொல்லிவிடுகிறேன். வாள்பயிற்சி முகக்கவசம், பிடரிக் காப்பு, தொண்டைக் காப்பு, முழங்கை, கைவிரல் காப்பு. கீழே முழங்கால் காப்பு முன்பக்கத்துக்கு மட்டும் போதாது, மடிப்புக்குப் பின்னால் ஒரு தடித்த துணிப்பட்டை கட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து, முகக்கவசத்தின் கீழே தொங்கும் தொண்டைத்துணி. பிறை நுனி அதற்கு அடியில் நுழைந்தால் இழுப்பில் கவசமே கழன்று மேலே போகும், நுனி முகத்துக்கு வரும். துணியைச் சட்டைக் கழுத்துக்குள் செருகிவிடுங்கள், பின்பட்டியை இறுக்குங்கள்.

விதி ஒன்று வையுங்கள்: கழுத்து, முழங்கால் மடிப்பு, மணிக்கட்டு, இந்த மூன்றிலும் வளைவு உட்கார்ந்ததும் நிறுத்து. இழுப்பைக் காட்ட வேண்டாம், வைத்ததே கணக்கு. வேகத்தை ஏற்றும்போது காலின் வேகத்தை முதலில் ஏற்றுங்கள், கையை அல்ல. கை வேகம் முந்தினால் எல்லோரும் நுனியால் கொத்த ஆரம்பித்துவிடுவார்கள், பிடியே விழாது, பாடம் கோழிச்சண்டையாகிவிடும்.

#17 குறுவாள்

முழங்கால் பாடத்தில் ஒரு சிக்கல் மிச்சம். காலுக்குக் குனியும்போது என் தலை அவன் இடது கைக்கு அருகில் போகிறது. தலையைப் பிடித்து அமுக்கிவிடுகிறான்.

#18 மல்லன்

குனிவது இடுப்பிலிருந்தா, முழங்காலிலிருந்தா? இடுப்பை மடித்தால் தலை முன்னால் போகும், அவனுக்குப் பரிசு. முதுகை நேராக வைத்து முழங்காலை மடித்து இறங்குங்கள். இடது கை அவன் முழங்கையில் இருக்கும்வரை அவன் தோள் உங்களுக்கும் அவன் இடது கைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இறங்கும்போது இடது கையும் சேர்ந்து இறங்கினால் அந்தச் சுவர் போய்விடும். கீழே போவது வலப்பக்கம் மட்டும், இடது கை இருந்த உயரத்திலேயே இருக்கட்டும்.

அப்படியும் கை எட்டவில்லை என்றால் உங்கள் இடது கால் போதிய அளவு வெளியே போகவில்லை. அவன் பாதத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அவன் குதிகாலுக்கு நேராக வையுங்கள்.

#19 பழஞ்சுவடி

அதற்கும் எட்டவில்லை என்றால் காலை விட்டுவிடுங்கள். பிடித்த கைக்கு அருகில் கழுத்து இருக்கிறது, காலுக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குறுவாள், அந்தப் பாடத்தின் இரண்டு பத்தித் தாளை இங்கே போடுங்கள். அவன் இடது கைக்கு உரை ஏதாவது வேலை கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்திருந்தால் தலையை அமுக்குவதே மைர் எழுதின மாற்றாக இருக்கலாம்.

#20 குறுவாள்

இன்று இரவு தட்டச்சு செய்து போடுகிறேன். லத்தீன் வரியையும் சேர்த்து.